அந்தச் சத்தத்துக்கு அம்மா ஏன் பயப்பட வேண்டும்?

போன முறை திருச்சி போனபோது, அம்மாவின் பீரோவில் ஏதோ பேப்பர் தேடினேன். புடவைகளுக்கு அடியில் ஓர் இயர்போன் டப்பா. ஒன்றரை வருஷம் முன்பு சான்டா கிளாராவிலிருந்து நான் வாங்கிப்போனது. அப்படியே புதுசாக இருந்தது.

"ஏம்மா, இதைப் போட்டுக்கவே இல்லியா?"

"காதுல வெச்சு அமுக்கினதும் பேப்பர் கசங்குற மாதிரி சத்தம் வந்துச்சுடா. நாந்தான் உடைச்சுட்டேன்னு நெனச்சேன். டாலர் குடுத்து வாங்கிட்டு வந்திருக்கே, உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

வாட்ஸ்அப்பில் பேசும்போதெல்லாம் "சரியாக் கேக்கலைடா" என்று அவர் போனை ஸ்பீக்கரில் போட்டதன் காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது.

உண்மையில் எதுவுமே உடையவில்லை. அந்தச் சத்தத்துக்கு 'டிரைவர் ஃபிளெக்ஸ்' என்று பெயர். இயர்போனுக்குள் ஒலியை எழுப்புவது டயஃப்ரம் எனும் மிக மெல்லிய சவ்வு. ரப்பர் முனையைக் காதுக்குள் அழுத்தும்போது, உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் அந்தச் சவ்வைப் பின்னுக்குத் தள்ளுகிறது. சவ்வு மடங்குகிறது, 'க்ரிச்' என்று கேட்கிறது. சில நேரம் ஒரு பக்கம் ஒலி குறைந்தும் போகும். கழற்றி மறுபடி மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மலிவான பொருளில்தான் இப்படி வரும் என்று நினைக்காதீர்கள். விலை கூடியவற்றிலும் உண்டு. காற்று வெளியேற முன்பக்கம் ஒரு சின்னத் துளை போட்டால் சத்தம் குறையும். ஆனால் பேஸ் ஒலியும் கொஞ்சம் கசியும், வெளிச்சத்தமும் உள்ளே வரும். எங்கள் பக்கத்து ஊரான குப்பர்டினோவின் ஆப்பிள், 2019இல் வெளியிட்ட ஏர்பாட்ஸ் ப்ரோவில் அழுத்தத்தைச் சமன்செய்யும் காற்றுத் துளைகளைச் சொல்லியே விற்றது. ஆக, துளை எங்கே, எவ்வளவு என்பது வடிவமைப்பாளர் எடுக்கும் முடிவு. பொறியாளனாக எனக்கு அதில் குறை இல்லை. அந்த முடிவை வாங்குபவரிடம் மறைப்பதில்தான் குறை.

எனக்கும் அந்தச் சத்தம் வந்திருக்கிறது. என்னுடையதைத் திருப்பி அனுப்பி வேறு வாங்கினேன். அதிலும் அதே 'க்ரிச்'. கஸ்டமர் கேரில் கேட்டால், "இது நார்மல்" என்றார்கள். நார்மல் என்றால் அதை டப்பாவிலேயே அச்சிட என்ன தயக்கம்? ஒருவர் காதுக்குள் போய் வந்த பொருளைப் புதிது என்று மறுபடி விற்க முடியுமா? நல்ல பொருள் ஒன்று குப்பைக்குப் போக நானும் காரணமாகியிருப்பேன்.

கலிஃபோர்னியாவில் 'பழுதுபார்க்கும் உரிமை' சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மொத்த விலை 50 டாலரோ அதற்கு மேலோ உள்ள மின்னணுப் பொருட்களுக்கு உதிரிபாகங்களும் பழுதுபார்க்கும் விவரங்களும் 3 ஆண்டுகள் கிடைக்க வேண்டும். 100 டாலர் முதல் 7 ஆண்டுகள். நல்ல சட்டம். ஆனால் பழுதே இல்லாத ஒன்றைப் பழுது என்று நம்பிப் பீரோவில் வைத்துவிட்டவருக்கு அது எப்படி உதவும்? அவருக்குத் தேவை உதிரிபாகம் அல்ல, ஒரு வரித் தகவல்: "மாட்டும்போது லேசான சத்தம் வரலாம், பயப்பட வேண்டாம்."

அந்த வரி வரும்வரை, ஊருக்கு இயர்போன் வாங்கிப்போகும் நாம்தான் சொல்லித்தர வேண்டும். எதிர்க்கையால் காது மடலை மேலும் பின்னுமாக லேசாக இழுத்து, வாயைத் திறந்தபடி, மெதுவாக மாட்டச் சொல்லுங்கள். ரப்பர் முனையை ஓர் அளவு சிறியதாக மாற்றியும் பார்க்கலாம். கழற்றி மாட்டிய பிறகும் ஒரு பக்கம் ஒலி குறைந்தே இருந்தால்தான் அது பழுது. அப்போது தயங்காமல் வாரன்டி கேளுங்கள்.

நம் பெற்றோர் தலைமுறைக்கு ஒரு பழக்கம் உண்டு. இயந்திரம் முரண்டு பிடித்தால், தப்பு தங்களுடையது என்றே நினைப்பார்கள். அதையும் நம்மிடம் சொல்ல மாட்டார்கள். அடுத்த முறை போனில் "சரியாக் கேக்கலை" என்றால், சிக்னலைத் திட்டுவதற்கு முன், வாங்கித் தந்த இயர்போன் எங்கே என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.