விண்டோஸ் 7 கணினிக்கு எந்தப் பைதன்?

வட்டுக்கோட்டையில் உயர்தரத்துக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுக்கும் பிள்ளை பைதன் பழகவேண்டும். வீட்டில் இருப்பதோ அண்ணனோ அக்காவோ பாவித்துவிட்ட விண்டோஸ் 7 மடிக்கணினி. இணையத்தில் முதலில் கண்ணில்படும் புதிய பதிப்பைப் பிள்ளை இறக்கும். கணினி அதை ஏற்காது. "இது பழசாப் போச்சு, புதுசு வாங்கோணும்" என்று பக்கத்தில் யாராவது சொல்லிவிடுவார்கள். 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்வரை ஏறிய இலங்கையில், அந்த ஒரு சொல் ஒரு குடும்பத்தைக் கடனில் தள்ளப் போதும்.

கணினியில் பழுதில்லை. பைதன் 3.9உம் அதற்குப் பிந்தியவையும் விண்டோஸ் 7இல் ஏறா. அதில் ஓடும் கடைசி வரிசை 3.8. அதிலும் கவனம் வேண்டும். 3.8 வரிசை 3.8.20 வரை நீண்டாலும், விண்டோஸில் நேரே நிறுவக்கூடிய கோப்பு 2021 மே மாதம் வந்த 3.8.10உடன் நின்றுவிட்டது. பின்னர் வந்தவை மூலநிரலாக மட்டுமே கிடைக்கின்றன. ஆகவே தேடவேண்டியது 3.8.10. கணினி 32 பிட்டா 64 பிட்டா என்று முதலில் பார்க்கவேண்டும். சேர்விஸ் பேக் 1 ஏறியிருக்கவேண்டும். கோப்பு 30 எம்.பி.க்கும் குறைவு, பைதனின் சொந்தத் தளத்தில் இலவசமாக இருக்கிறது. யாரோ தந்த சீடியிலிருந்தோ முன்பின் தெரியாத தளத்திலிருந்தோ எடுத்தால் வைரஸும் கூடவே வரலாம்.

பழைய பதிப்பைப் போடுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. மடக்கு, பட்டியல், சார்பு, கோப்பு கையாளல் என்று பாடசாலை மாணவர் பழகுவதெல்லாம் 3.8இல் குறைவின்றி ஓடும். 2024 ஒக்டோபருடன் அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன என்பது உண்மை. அதில் கடைக்கணக்கை ஓடவிடக்கூடாது, இணையத்தளம் நடத்தக்கூடாது. பயிற்சிக்கணக்குச் செய்ய அது தாராளமாகப் போதும்.

பைதன் 2.7இன் கதை வேறு. அதன் ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் திகதி முடிந்தது. ஆனால் பழைய குறிப்புக்கொப்பிகளில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. அதில் 7ஐ 2ஆல் வகுத்தால் விடை 3. பைதன் 3இல் 3.5. வினாத்தாளில் வெளியீடு என்ன என்று கேட்டால், தவறான பதிப்பில் பழகிய பிள்ளைக்குப் புள்ளி போய்விடும்.

சாதாரண தரத்தில் பல்லாண்டாகப் படிப்பிக்கப்பட்டுவந்த பாஸ்கலையும் சொல்லவேண்டும். 1992இல் வந்த டர்போ பாஸ்கல் 7 டொஸ் காலத்து மென்பொருள். 64 பிட் விண்டோஸில் அது நேரே ஓடாது. டொஸ்பொக்ஸ் போட்டுத்தான் ஓட்டவேண்டும். இன்றைய கணினிக்கென ஃப்ரீ பாஸ்கல் இலவசமாக இருக்கும்போது டர்போ பாஸ்கலின் நீலத்திரையைக் கட்டிப்பிடித்திருப்பது வீண். தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலும் இதே கதைதான். சி பிளஸ் பிளஸ் மொழிக்கு முதல் சர்வதேசத் தரம் 1998இல் வந்தது. அதற்கு முந்திய டர்போ சி பிளஸ் பிளஸில் பழகி வேலைக்குப் போகிறவர்கள் முதலில் மறக்கவேண்டியதை மறந்துவிட்டே தொடங்கவேண்டியிருக்கிறது. கணினிக்காகப் பழையது போடுவது சரி. பழக்கத்துக்காகப் போடுவது பிழை.

வட்டுக்கோட்டை செமினரியில் படித்த சி.வை. தாமோதரம்பிள்ளை, ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் பார்த்தே பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். அந்தக் கவனத்தில் ஒரு பங்கு நம் கணினிக்கூடங்களுக்கும் வேண்டும்.

ஆசிரியர்கள் தங்கள் குறிப்பின் முதற்பக்கத்திலேயே எந்த மொழி, எந்தப் பதிப்பு என்று எழுதிக் கொடுக்கவேண்டும். 3.8.10இன் 32 பிட், 64 பிட் கோப்புகளையும் ஃப்ரீ பாஸ்கலையும் ஒரு பென் டிரைவில் போட்டு வலயக் கல்வி அலுவலகங்கள் பாடசாலைதோறும் கொடுக்கலாம். அதற்குச் செலவு மிகச் சொற்பம். லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் தாங்கள் படித்த பாடசாலைக்குப் பழைய கணினி அனுப்பும் பழைய மாணவர்களே, பெட்டியைக் கட்டுமுன் அந்தக் கணினிக்கு ஏற்ற பதிப்பைப் போட்டு, ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.