வன்னியின் சிறு சபைகள்: போதகரின் சுமையைப் பங்கிடுவது யார்?

கடந்த ஆண்டு கிளிநொச்சி மாவட்டத்தில், தகரக் கூரை போட்ட சிறிய பப்டிஸ்ட் சபையொன்றின் போதகரைச் சந்திக்கப் போனேன். ஞாயிறு ஆராதனை முடிந்து சனம் கலைந்திருந்தது. மீள்குடியேற்றத்துக்குப் பின்னான மதச் சூழல் பற்றிக் கேட்பதுதான் என் நோக்கம். அவரோ மேசையில் கிடந்த பைல் கட்டொன்றை என் பக்கம் தள்ளினார். இரண்டு நுண்நிதிக் கடன் அறிவித்தல்கள், ஒரு காணிப் பிணக்கு, வீட்டுத்திட்டத்துக்கு எழுதிய மேன்முறையீடு, மகனைத் தேடும் தாயொருவரின் முறைப்பாட்டுப் பிரதிகள். அன்றைய பிரசங்கக் குறிப்பு எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது.

"எல்லாரும் என்னட்டை வந்து சொல்லுகினம் அண்ணை. நான் ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது?" என்றார். அவரும் 2009 இல் முள்ளிவாய்க்கால் வரை நடந்து, மெனிக் பாம் முகாமிலிருந்து திரும்பியவர்தான். ஆனால் அவருடைய இழப்பைப் பற்றிச் சபையில் எவரும் கேட்டதில்லையாம். பாஸ்டர் என்றால் பலமானவர் என்று நாங்களே முடிவு செய்துவிடுகிறோம்.

இலங்கையில் பப்டிஸ்ட் பணி 1812 இல் ஜேம்ஸ் சேட்டர் கொழும்புக்கு வந்ததோடு தொடங்கியது. அது பெரும்பாலும் தெற்கிலேயே வேரூன்றியது. வடக்கில் அமெரிக்க மிஷன், அங்கிலிக்கன், மெதடிஸ்த திருச்சபைகளே முந்திக்கொண்டன. அந்தத் திருச்சபைகளின் குருவானவர் தளர்ந்தால் இடமாற்றம் கொடுக்க மேலிடம் ஒன்று உண்டு. பப்டிஸ்ட் மரபில் ஒவ்வொரு சபையும் தன்னைத்தானே ஆளும். ஆயர் கிடையாது. இந்தச் சுதந்திரம் அழகானது. ஆனால் கூலிவேலைக்குப் போகும் பெண்களின் காணிக்கையில் தங்கியிருக்கும் ஒரு வன்னிப் போதகருக்கு, அதுவே தனிமையாகவும் மாறிவிடுகிறது.

இதற்குத் தீர்வும் அந்த மரபுக்குள்ளேயே இருக்கிறது என்பது என் எண்ணம். அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தில் ஒரு முறைப்பாடு வருகிறது. கிரேக்க மொழி பேசிய விதவைகள் நாளாந்தப் பகிர்வில் கவனிக்கப்படவில்லை என்பதே அது. விதவைகள், மொழி, பகிர்வில் பாரபட்சம் – எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அப்போஸ்தலர்கள் அந்த வேலையைத் தங்கள் தலையில் போட்டுக்கொள்ளவில்லை. ஏழு பேரைத் தெரிவுசெய்யும்படி சபையிடமே சொன்னார்கள். உதவிக்காரர் ஊழியத்துக்குப் பலர் காட்டும் முன்மாதிரி இதுதான். இங்கு பல சபைகளில் அது கதிரை அடுக்குவதும் காணிக்கை எண்ணுவதுமாகச் சுருங்கிவிட்டது.

ஆகவே அந்தப் போதகரிடம் நான் சொன்னது இதுதான். பைல் கட்டைப் பிரித்துக் கொடுங்கள். சபையின் பெரும்பகுதி பெண்கள், அதிலும் பலர் பெண் தலைமைத்துவக் குடும்பத்தவர். குழுவிலோ ஆண்கள் மட்டும். காணாமல்போனோர் அலுவலகத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் அலைந்து தேய்ந்த ஒரு தாய்க்கு, எந்த மேசையில் எந்தப் படிவம் என்பது போதகரைவிட நன்றாகத் தெரியும். பணத்தை இருவர் கையொப்பத்துடன் குழுவே கையாளட்டும். போதகரின் பெயரைக் காப்பாற்ற அதைவிட நல்ல வழி இல்லை.

மகனைத் தேடும் அந்தத் தாயின் விடயம் வேறு. "என்ர பிள்ளையை இருக்கிறவனாச் சொல்லி செபியுங்கோ பாஸ்டர்" என்று அவர் கேட்டிருக்கிறார். உறவினர் சிலரோ, நினைவு ஆராதனை வைத்து முடித்துவிடும்படி போதகரை நெருக்கியிருக்கிறார்கள். 2016 இல் வந்த சட்டத்திருத்தம்கூட, இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமல்போனமைக்கான சான்றிதழைப் பெற இடம் தந்தது. 2022 இல் அமைச்சரவை 100,000 ரூபாய் கொடுப்பனவுக்கு அனுமதி அளித்தபோது, போராடும் தாய்மார் அதை மறுத்தார்கள். அவர்கள் கேட்டது பதிலை. அரசுக்கு விட்டுக்கொடுக்காத ஒன்றைச் சபைக்குள் விட்டுக்கொடுக்கச் சொல்லக் கூடாது. அந்தத் தாய் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே செபிப்பதுதான் சரி.

போதகரின் மனநிலை பற்றியும் பேச வேண்டும். போர் எங்கள் சமூகத்தில் ஏற்படுத்திய கூட்டு உளவடு பற்றி மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் நீண்டகாலமாக எழுதி வருகிறார். அந்த வடுவுக்குப் போதகர் மட்டும் விதிவிலக்கல்ல. சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்கு முதலில் கிடைத்தது உபதேசமல்ல. தூக்கமும் அப்பமும் தண்ணீரும். வாரத்தில் ஒருநாள் தொலைபேசியை உதவிக்காரர் ஒருவர் வாங்கி வைத்துக்கொள்ளலாம். செபத்தோடு மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கும் போகலாம். 1926 என்ற தேசிய உளநல இலக்கத்துக்கு அழைப்பது விசுவாசக் குறைவல்ல.

அதிகாரிகள் வந்து "பதிவு எங்கே?" என்று கேட்கும் நாட்களும் உண்டு. புதிய வழிபாட்டிடம் கட்ட முன் அனுமதி பெற வேண்டும் என்று சொல்லும் 2008ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையே பெரும்பாலும் காட்டப்படுகிறது. அது சுற்றறிக்கை, பாராளுமன்றம் இயற்றிய சட்டமல்ல. தனியாகவோ பிறருடன் சேர்ந்தோ வழிபடும் உரிமையை அரசியலமைப்பின் 14(1)(உ) உறுப்புரை பிரசைக்குத் தருகிறது. போதகர் தனியாகப் பதில் சொல்லாமல், சபையார் இருவரோடு அமர்ந்து, கோரிக்கையை எழுத்தில் கேட்டு, சட்டத்தரணியிடம் காட்டுவது நல்லது.

அயலவரின் கோபம் இன்னொரு வகை. நிவாரணத்தைக் காட்டி மதம் மாற்றுகிறார்கள் என்ற குற்றச்சாட்டை எல்லா இடத்திலும் பொய் என்று சொல்ல என்னால் முடியாது. அரிசிப் பை கொடுத்த கையோடு ஆராதனைக்கு அழைத்த குழுக்களை முகாம் வாழ்க்கைக்குப் பின் நானே கண்டிருக்கிறேன். உதவிப் பட்டியலையும் சபைப் பட்டியலையும் வேறாக வைத்திருக்கும் போதகருக்காக, நெருக்கடி வரும்போது கோயில் பரிபாலன சபைத் தலைவரும் பேச வருவார்.

இரண்டு மாதம் கழித்து அழைத்தேன். குழுவில் மூன்று பெண்களைச் சேர்த்திருக்கிறார்களாம். ஒரு மூப்பருக்கு அதில் மனத்தாங்கல், இன்னும் தீரவில்லை. கடன் அறிவித்தல்களோடு அந்தக் கிழமை பிரதேச செயலகத்துக்குப் போனது பாஸ்டர் அல்ல, மகனைத் தேடும் அந்தத் தாய். "நான் அண்டைக்கு மத்தியானம் நித்திரை கொண்டனான் அண்ணை" என்றார், ஏதோ குற்றம் செய்தவர்போல.