கோபம் மட்டும்தான் காரணமா? நம் வீடுகளில் பெருகும் இரத்த அழுத்தம்

"அவருக்கு பிரஷர் இருக்கு, கோபப்படுத்தாதீங்க" என்று நம் வீடுகளில் சொல்வது வழக்கம். இதைக் கேட்டுக் கேட்டு, சாந்தமானவர்களுக்கு இந்நோய் வராது என்றே பலரும் நம்பிவிட்டோம். இந்த நம்பிக்கைதான் ஆபத்தானது.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 24 சதவீதம் பேருக்கும் பெண்களில் 21 சதவீதம் பேருக்கும் இரத்த அழுத்தம் கூடுதலாக உள்ளது, அல்லது அதற்காக மருந்து உண்கிறார்கள். இத்தனை பேரும் கோபக்காரர்களா?

கோபமும் கவலையும் அழுத்தத்தைச் சற்று நேரம் ஏற்றும். ஆனால் அதை நிரந்தரமாக ஏற்றி வைப்பவை பெரும்பாலும் வேறு. முதலாவது உப்பு. அது உடலில் நீரைத் தேக்குகிறது. இரத்தத்தின் அளவு கூடி, குழாய்களின் மீது அழுத்தம் ஏறுகிறது. நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகவே உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாமோ குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டு, ஊறுகாய், கருவாடு, அப்பளம், உப்புக்கண்டம், பாக்கெட் தின்பண்டங்களைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

உடல் பருமன், நடையில்லாத வாழ்க்கை, புகையிலை, சிறுநீரக நோய், பெற்றோர் வழி, முதுமை ஆகியவையும் காரணங்களே. கர்ப்பக் காலத்தில் அழுத்தம் உயர்ந்த பெண்களுக்குப் பிற்காலத்திலும் அது வர வாய்ப்பு அதிகம். ஆனால் வீட்டில் எல்லோருக்கும் சமைத்துப் போடும் அந்தப் பெண்ணின் அழுத்தத்தை அளந்து பார்ப்பவர் யார்?

இந்நோய்க்குப் பெரும்பாலும் அறிகுறியே இராது. பக்கவாதமோ மாரடைப்போ வந்த பிறகே பலருக்குத் தெரிகிறது. தலைவலி வரட்டும் என்று காத்திராமல் அளந்து பார்ப்பதே வழி. வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவரை அணுக வேண்டும்.

அளவு சீரானதும் மாத்திரையை நாமாகவே நிறுத்துவது பெருந்தவறு. மாத்திரையால்தான் அது சீரானது. ரமலானிலும் நிறுத்தத் தேவையில்லை; மாத்திரை நேரத்தை இஃப்தாருக்கும் ஸஹருக்கும் மாற்ற முடியுமா என்று நோன்பு தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

தமிழகத்தில் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டு வாசலுக்கே மாத்திரை வருகிறது. ஜமாஅத்துகள் மாதம் ஒருமுறை, பெண்களுக்கும் சேர்த்து, அழுத்தம் அளக்க ஏற்பாடு செய்யலாம். உடல் அல்லாஹ் தந்த அமானிதம். அதைப் பேணுவது நம் கடமை.