பீரங்கிக்குள் ஒரு கணக்கு

தஞ்சாவூருக்கு வருகிறவர்கள் பெரிய கோவில், அரண்மனை, சரசுவதி மகால் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கீழவாசல் பக்கம் பீரங்கி மேட்டில் ராஜகோபால பீரங்கி கிடப்பது பலருக்குத் தெரியாது. ரகுநாத நாயக்கர் காலத்து வேலை. சுமார் 1620 என்கிறார்கள். ஏறத்தாழ ஏழரை மீட்டர் நீளம், 22 டன் எடை!

இது வார்த்தது இல்லை. உள்ளே நீளவாக்கில் 43 இரும்புப் பட்டைகள், வெளியே 94 இரும்பு வளையங்கள். காய்ச்சி மாட்டிய வளையம் ஆறும்போது சுருங்கி, உள்ளே இருப்பதை இறுக்கிப் பிடிக்கும். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுகிற அதே வித்தைதான். வெளியிலிருந்து யாரும் அழுத்தாமலே உலோகத்துக்குள் தங்கிவிடும் இந்த இறுக்கத்துக்குப் பெயர் எச்சத் தகைவு.

பி.காம் மாணவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். வளையத்தில் இழுப்பு, உள் பட்டையில் அமுக்கம். இரண்டும் பற்று வரவு மாதிரி சரிக்குச் சரியாக நிற்கும். ஆனால் இருப்பாய்வு டேலி ஆகிவிட்டால் கணக்கில் தப்பே இல்லை என்று அர்த்தமில்லை. அது எங்களுக்கு முதல் வருடப் பாடம். இரும்பும் அப்படித்தான், அளந்தால்தான் தெரியும்.

எப்படி அளப்பது? தொழிற்சாலைகளில் மேலே ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டி, ஓரிரண்டு மில்லிமீட்டரில் சின்னத் துளை போடுவார்கள். இறுக்கம் தளர்ந்து உலோகம் அசைகிற அளவை வைத்துக் கணக்குப் போடுவார்கள். நானூறு வருடப் பீரங்கியைத் துளைக்கலாமா? கூடவே கூடாது. நியூட்ரான் கதிர் சில சென்டிமீட்டர் ஆழம் வரை பார்க்கும், ஆனால் அதற்குப் பெரும்பாலும் அணு உலைக்குப் போக வேண்டும். 22 டன்னை யார் தூக்குவது! எக்ஸ்ரே கருவியை மட்டும் இங்கேயே கொண்டு வரலாம். அது மேல்தோலில் சில மைக்ரான்தான் பார்க்கும் என்பது குறை.

இருந்தாலும் செய்ய வேண்டும் என்பதே என் கட்சி. பீரங்கி இத்தனை காலம் தாக்குப்பிடித்தது உண்மைதான். ஆனால் வெயிலிலும் ஐப்பசி மழையிலும் கிடக்கிறது. துரு, இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். வளைய இடுக்கில் ஏறினால் ஆப்பு மாதிரி நெம்பும். அழகுபடுத்தும் செலவுக்கு முன்னால், சிறு இடத்தைச் சுத்தம் செய்து எக்ஸ்ரேயில் அளக்கட்டும். வளைய இடைவெளிகளை வருடா வருடம் குறித்து வைக்கட்டும். திருச்சி பெல்லில் வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனமும், கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் இருக்கும்போது ஆள் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை.

ஆரம்ப இருப்பே எழுதாத பேரேட்டில், நஷ்டம் எவ்வளவு என்று பின்னால் யாரும் சொல்ல முடியாது.