டிக்கிரி கையிலிருக்க அடியாள் எதற்கு?

"கோர்ட்டில் ஜெயித்தாய்விட்டது. இனி நாலு ஆளோடு போய்ச் சாமானைத் தெருவில் எறிய யாரைக் கேட்கவேண்டும்?" என்று வீட்டுக்காரர் சிலர் பேசுகிறார்கள். நாம் கேட்கிறோம்: நாலு ஆளால் ஆகிற காரியத்திற்கு இத்தனை வருஷம் கோர்ட்டுக்கு ஏன் நடந்தீர்கள்?

டிக்கிரியை அமுல் செய்யும் அதிகாரம் கோர்ட்டுக்கே உண்டு. 1908ம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டம், 21வது கட்டளையில் அதற்கு வழி சொல்லுகிறது. ஜெயித்தவர் நிறைவேற்று மனுப் போடவேண்டும். டிக்கிரியாகி இரண்டு வருஷத்திற்கு மேற்பட்டிருந்தால் தோற்றவருக்கு நோட்டீசு போகவேண்டும். பிறகு வாரண்டோடு வருபவர் கோர்ட்டு அமீனா. வீட்டுக்குள் விடாமல் தடுத்தால், முன்னெச்சரிக்கை செய்து, வெளியே வரும் வழக்கமில்லாத ஸ்திரீகள் ஒதுங்க வசதி கொடுத்த பிறகே அவர் பூட்டை உடைக்கலாம். போலீசு உதவியும் கோர்ட்டு உத்தரவின் மேலேயே வரவேண்டும். "இன்ஸ்பெக்டர் நமக்கு வேண்டியவர்" என்பது வாரண்டு ஆகாது!

பாகாயத்திலிருந்து காலையில் தோல் ஷாப்புக்கோ ஷூ கம்பெனிக்கோ போன தொழிலாளி, இரவில் திரும்பித் தன் வாடகை வீட்டில் வேறு பூட்டுத் தொங்கக் கண்டால், "தலைவிதி" என்று அழவேண்டியதில்லை. சட்டத்திற்கு விரோதமாக வெளியேற்றப்பட்டவர் 6 மாதத்திற்குள் வழக்குப் போட்டு அனுபவத்தைத் திரும்பப் பெற, 1963ம் வருஷத்து குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 6வது பிரிவு இடங்கொடுக்கிறது. வீடு யாருக்குச் சொந்தம் என்ற வாதம் அங்கே செல்லாது. (சர்க்கார் மேல் மாத்திரம் அப்பிரிவின்படி வழக்குப் போட முடியாது. சர்க்கார் தனக்கென்று ஒரு சந்து வைத்துக்கொள்ளாத சட்டம் ஏது?) தண்ணீரையும் மின்சாரத்தையும் வெட்டி விரட்டும் சாமர்த்தியத்தையும், 2019ல் அமுலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் தடுக்கிறது.

நிற்க, வீட்டுக்காரர் வயிற்றெரிச்சலிலும் நியாயமுண்டு. இந்தியாவில் வழக்காடுகிறவனுக்குக் கஷ்டம் டிக்கிரி வாங்கிய பிறகே ஆரம்பிக்கிறது என்று பிரிவி கவுன்சில் 1872லேயே சொல்லிவிட்டது. நிறைவேற்று மனுவை 6 மாதத்தில் முடிக்கவேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு 2021ல் உத்தரவிட்டது. ஆனால் 2025 அக்டோபரில் அதே கோர்ட்டின் முன் வந்த கணக்கில், தேசமெங்கும் தேங்கிய மனுக்கள் 8 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல்! அடியாட்களுக்குப் பிழைப்புக் கொடுப்பது இந்தத் தாமதமே. இதைக் கேட்க சங்கம் கூடுங்கள், மகஜர் எழுதுங்கள், நாமும் கையெழுத்துப் போடுகிறோம்.

மனுக்கொடுக்க ஜோசியரிடம் நாள் பார்க்கும் புத்திசாலிகளுக்கும் ஒரு வார்த்தை. அனுபவத்துக்கான டிக்கிரிக்கு ஆயுள் 12 வருஷம். அது தாண்டினால் எந்த நல்ல நேரமும் அதை எழுப்பாது.

நம் தோழர்களில் வீட்டுக்காரரும் உண்டு, குடித்தனக்காரரும் உண்டு. ஆள் கூட்டிப் போகிறவர் நம்மவரேயானாலும், அவர்மேல் பிராது எழுதிக்கொடுக்க நாம் தயங்கப்போவதில்லை.