புண்ணாக்கைச் சோதித்தே மாட்டுக்கு இடவேண்டும்

செங்கற்பட்டு ஜில்லாவில் மணிலாக்கொட்டை பயிரிடும் குடியானவர்களிற் பலர், எண்ணெய் தெளிவாக இறங்கினால் புண்ணாக்கும் நல்லதே என்று கருதுகின்றனர். இக்கருத்து பிழையானது என்பதே நமது அபிப்பிராயம்.

ஈரம் மிஞ்சிய கொட்டையில் ஒருவகைப் பூஞ்சக்காளான் படர்ந்து, அஃப்ளாடாக்ஸின் என்னும் நஞ்சை உண்டாக்குகிறது. 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில், பிரேஸில் தேசத்து மணிலாப் புண்ணாக்கைத் தின்ற வான்கோழிகள் லட்சத்துக்கு மேல் மாண்டன. அதன் பின்னரே உலகம் இந்நஞ்சை அறிந்தது.

எண்ணெய் பெரும்பாலும் முனைவற்ற பொருள். நஞ்சோ முனைவுடையது, அதாவது, அதன் மூலக்கூறில் மின்தன்மை ஒருபுறம் மிகுந்தும் மறுபுறம் குறைந்தும் நிற்கும். இனம் இனத்தோடு சேருமாதலால், ஆட்டும்போது நஞ்சின் சிறு பகுதியே எண்ணெயோடு செல்லும். பெரும்பகுதி புண்ணாக்கிலேயே தங்கிவிடும். எனவே எண்ணெயின் தெளிவு புண்ணாக்குக்குச் சாட்சி ஆகாது.

இக்குணமே நஞ்சைக் கண்டுபிடிக்கவும் துணையாகிறது. வண்ணப்பிரிகை என்னும் முறையில், புண்ணாக்கினின்றும் வடித்த சாரத்திலுள்ள எண்ணெயை முனைவற்ற திரவத்தால் நீக்கி, எஞ்சியதைச் சிலிக்கா பூசிய தகட்டின் அடியில் துளியாக இட்டு, தகட்டைக் கரைப்பானில் நிறுத்துவர். முனைவு மிகுந்ததைச் சிலிக்கா இறுகப் பற்றும். குறைந்தது கரைப்பானோடு மேலேறும். இவ்வாறு பிரிந்த நஞ்சுகள் புற ஊதா ஒளியில் நீலமாகவும் பச்சையாகவும் ஒளிரும்.

நிறமும் வாசனையும் போதாவோ, செலவு எதற்கு என்பார் உளர். கண்ணுக்குப் பூஞ்சை தோன்றாத புண்ணாக்கிலும் நஞ்சு இருக்கக்கூடும். அதனை உண்ட பசுவின் பாலில் நஞ்சின் ஒரு பங்கு மாறுபட்ட உருவில் வெளிப்படும். பாலைக் காய்ச்சினாலும் அழியாது. பால் 1 கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருத்தலாகாதென்பது சட்டம். அப்பாலைப் பருகுவோர் நம் குழந்தைகளே.

சோதனைச் செலவு தனிக் குடியானவருக்குப் பாரமாகலாம். பால் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஆகாது. ஆதலின், சங்கங்கள் வாங்கும் ஒவ்வொரு சரக்கிலும் பல மூட்டைகளிலிருந்து சிறிது சிறிதாக எடுத்துக் கலந்த மாதிரியைச் சோதனைக்கு அனுப்புவதைக் கட்டாயமாக்கவேண்டும். நஞ்சு எல்லா மூட்டையிலும் ஒரே அளவாக இராது. ஆதலால் ஒரு மூட்டையின் ஒரு பிடி போதாது. கிராம அதிகாரிகள் இதற்கு முன்னின்று உதவுவாராக.

எனினும், நஞ்சு உண்டாகாமற் காப்பதே முதற்கடமை. மாமல்லபுரத்தை அடுத்த கடலோரக் கிராமங்களில், காய்ந்த கொட்டையும் கடற்காற்றால் மீண்டும் ஈரம் ஏற்கும். பறித்தவுடன் நன்கு உலர்த்தி, 100-க்கு 8 பங்குக்கு மேல் ஈரம் நில்லாதபடி செய்து, மூட்டைகளைத் தரையிற் படாமல் மரச்சட்டத்தின்மேல் அடுக்கவேண்டும். சொத்தையையும் சுருங்கியதையும் பொறுக்கி நீக்காமல் செக்குக்கு அனுப்புவது, லாபம் போலத் தோன்றும் நஷ்டமே.