படம் முடிந்த பின்பு



"படம் எப்படி?" என்று யாரையேனும் கேட்டுப் பாருங்கள். நம் விடுதியில் இக்கேள்விக்கு மூன்றே விடைகள்தாம் உண்டு. "மாஸ்" என்பது ஒன்று. "மொக்கை" என்பது மற்றொன்று. "ஒருமுறை பார்க்கலாம்" என்பது மூன்றாவது. இரண்டரை மணி நேரம் கண்ணிமைக்காமல் பார்த்ததற்கு ஒரு சொல்லில் தீர்ப்பு எழுதிவிட்டுப் படுக்கப் போய்விடுகிறோம். அச்சமூட்டும் படங்களையும் அடிதடிப் படங்களையும் பார்த்த இரவுகளில் அந்த ஒரு சொல்லும் பெரும்பாலும் ஒரு கணக்காகவே இருக்கிறது. எத்தனை இடத்தில் தூக்கிவாரிப் போட்டது? எத்தனை பேரை அடித்து வீழ்த்தினான்? இவ்வளவே நம் திறனாய்வு.

திரைப்படத்தைப் பற்றிப் பேசத் தகுதி உடையவர் யார் என்றொரு வினாவைச் சிலர் எழுப்புவர். கலை நுணுக்கம் கற்றவரே பேசவேண்டும், காசு கொடுத்துப் பார்ப்பவன் வாய்பொத்தி இருக்கவேண்டும் என்பது அவர்கள் கட்சி. நான் அக்கட்சியைச் சேர்ந்தவன் அல்லேன். சமைக்கத் தெரியாதவனுக்கும் உப்புக் குறைவு நாவில் தெரியும். எனவே எல்லோரும் பேசுவோம், நன்றாகவே பேசுவோம். ஆனால், பேசுவதற்கு முன் நாம் என்ன பார்த்தோம் என்பதை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டாமா? இக்கட்டுரையை எழுதத் தூண்டியது ஒரு நிகழ்ச்சி. அதில் என் குற்றமும் உண்டு; ஆதலால் மறைக்காமல் சொல்கிறேன்.

சென்ற பருவத்தில் ஒரு சனிக்கிழமை இரவு. பொதுக்கூடத்தில் வழக்கம்போல் வெள்ளை வேட்டியைச் சுவரில் கட்டி, 2024-இல் வெளியான 'கில்' என்ற இந்திப் படத்தைப் போட்டிருந்தோம். ராஞ்சியிலிருந்து புதுதில்லிக்குச் செல்லும் இரயில், அதில் கொள்ளையர், அவர்களை எதிர்க்கும் ஒரு கமாண்டோ வீரன். கதை அவ்வளவுதான். படம் பாதியைக் கடந்தபோது முதலாண்டு மாணவர் ஒருவர் எழுந்து, குனிந்தபடி வெளியே போனார். இருட்டிலிருந்து ஒரு குரல், "என்னடா, அம்மா ஞாபகம் வந்துடுச்சா?" என்றது. கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். அடுத்த வாரம் முழுதும் உணவுக்கூட வரிசையில் அவருக்குப் 'பயந்தாங்கொள்ளி' என்பதே பெயராயிற்று.

பத்து நாள் கழித்து வாயிற்கடையில் தேநீர் அருந்தும்போது அவரே பேச்சை எடுத்தார். "படம் பயமா இல்லைண்ணா. நான் இங்க சேர வந்தப்ப எதிர் பெர்த்துல ஒரு பெரியவர் வந்தாரு. ராத்திரி மாரடைப்பு வந்து செத்துட்டாரு. அடுத்த ஸ்டேஷன் வர்ற வரைக்கும் மூணு மணி நேரம் பெட்டியில அவரோடதான் இருந்தோம். படத்துல அதே நீல பெர்த்து, அதே சன்னல். உட்கார முடியலை" என்றார். சற்று நேரம் கழித்து, "மதியம் எனக்கு ரெண்டு முறுக்கு கொடுத்தாருண்ணா. அவர் பேரைக்கூட நான் கேட்டுக்கலை" என்றார்.

எனக்குத் தேநீர் தொண்டையில் இறங்கவில்லை. அன்று இரவு நான் சிரித்த சிரிப்பு என் காதிலேயே வந்து விழுந்தது.

அந்தப் 'பேர்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அண்மையில் பார்த்த படங்களை எல்லாம் மறுபடி நினைத்துப் பார்த்தேன். ஓர் உண்மை புலப்பட்டது. பேய்ப் படத்தில் இறந்தவருக்குப் பெயர் உண்டு. சண்டைப் படத்தில் இறந்தவருக்குப் பெயர் இல்லை!

எண்ணிப் பாருங்கள். 2011-இல் வந்த 'காஞ்சனா' படத்தை நகைச்சுவைக்காகவே பார்க்கிறோம். ஆனால், அதன் பேய் யார்? நிலத்துக்காகக் கொல்லப்பட்ட ஒரு திருநங்கை. அவர் பெயரே படத்தின் பெயர். அவர் எப்படி வளர்ந்தார், யாரை வளர்த்தார், ஏன் கொல்லப்பட்டார் என்பதெல்லாம் தெரிந்த பிறகு நமக்குப் பேயிடம் அச்சம் போய், கொன்றவனிடம் கோபம் வருகிறது. 2014-இல் மிஷ்கின் எடுத்த 'பிசாசு' இன்னும் ஒருபடி மேலே போகிறது. விபத்தில் மாண்ட பெண் ஒரு வீட்டில் வந்து தங்குகிறாள். அவளைப் பெற்ற தந்தையாக வரும் ராதாரவி, அந்தப் பிசாசைக் கண்டு ஓடவில்லை. தன் மகளை வீட்டுக்கு வரும்படி கெஞ்சுகிறார். உலகுக்குப் பேயாயினும் பெற்றவனுக்கு மகளன்றோ? பேய்ப் படம் என்பது, அதன் நல்ல வகையில், ஒரு சாவுக்கு நியாயம் கேட்கும் வழக்கு. இறந்தவர் எழுந்து வந்து, "என்னை மறந்துவிட்டீர்களே!" என்கிறார். நம் அச்சத்தில் பாதி, அந்த மறதியின் குற்ற உணர்வுதான் என்பது என் துணிபு.

சண்டைப் படத்தில் நடப்பதென்ன? படிக்கட்டில் பத்துப் பேர் உருள்வர். கண்ணாடியை உடைத்துக்கொண்டு பத்துப் பேர் விழுவர். யாரென்று யாரும் கேளார். 2022-இல் வெளிவந்த 'விக்ரம்' படத்தில் இதய நோயுள்ள ஒரு குழந்தைக்குப் பெரும் ஓசை ஆகாது. அக்குழந்தைக்காகக் கூடமே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தோம். அதே படத்தில் இயந்திரத் துப்பாக்கியின் முன் வீழ்ந்தவர்களுக்கும் எங்கோ ஒரு வீட்டில் குழந்தை உண்டென்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. படத்தின் விதி அது. அந்த விதி நம்மை எப்படி நடத்துகிறது என்பதையே சுட்டுகிறேன்.

இந்த நோக்கில்தான் 'கில்' படத்தை இரண்டாம் முறை தனியே பார்த்தேன். முதல்முறை பார்க்கத் தவறியதைக் கண்டேன். அந்தக் கொள்ளையர் ஒரே குடும்பத்தார். அண்ணன் தம்பி, தந்தை மகன், சிற்றப்பன் பெரியப்பன். ஒருவன் வீழும்போது மற்றவர்கள் சண்டையை மறந்து அழுகிறார்கள். படத்தின் பெயர்கூடத் தொடக்கத்தில் வருவதில்லை. நாயகனுக்கு உரியவளை இழந்த பின், பாதி வழியில்தான் வருகிறது. அதுவரை காவலனாக அடித்தவன், அதன்பின் பழிவாங்குபவனாகக் கொல்கிறான். கொன்றவர்களின் உடல்களைப் பெட்டியிலே தொங்கவிடுகிறான். கொள்ளையர் அவனைக் கண்டு நடுங்குகிறார்கள். அவ்விடத்தில் சண்டைப் படம் பேய்ப் படமாகிவிடுகிறது, நாயகனே பேய்! படம் எடுத்தவர் இதைத் தெளிவாகவே வைத்திருக்கிறார். நாமோ அந்த இடத்தில்தான் உரக்கச் சீழ்க்கை அடித்தோம். எழுந்து போன தம்பி ஒருவரே படத்தைச் சரியாகப் பார்த்தவர் போலும்!

நிற்க. "இது வெறும் பொழுதுபோக்கு, குருதி என்பது சிவப்புச் சாயம், இதற்குப் போய் இவ்வளவு ஆராய்ச்சியா?" என்று தோழர்கள் கேட்கலாம். "படம் பார்த்தா ஒருவன் கொலைகாரன் ஆகிறான்?" என்றும் கேட்கலாம். ஆகமாட்டான், நான் அப்படிக் கூறவும் இல்லை. நம்மில் யாரும் கத்தி எடுக்கப் போவதில்லை. தேர்வு நெருங்கினால் பேனா எடுப்பதே நமக்குப் பெரும்பாடு! என் கவலை வேறு. திரையில் வீழ்பவனைக் கண்டு சிரிக்கப் பழகிய வாய், பக்கத்தில் கண்ணை மூடிக்கொள்பவனைக் கண்டும் சிரித்துவிடுகிறது. நான் சிரித்தேன் அல்லவா?

அச்சத்தை இழிவாக எண்ணியவர் அல்லர் நம் முன்னோர். தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளில் அச்சத்தையும் ஒன்றாக வைத்தார். அஃது அணங்கு, விலங்கு, கள்வர், தம் தலைவர் என்னும் நான்கிடத்துப் பிறக்கும் என்றும் வகுத்தார். எவ்வளவு சரியான கணக்கு! பிசாசு அணங்கின் அச்சம். கில் கள்வரின் அச்சம். 2024-இல் மம்மூட்டி நடித்துக் கறுப்பு வெள்ளையில் வந்த மலையாளப் படம் 'பிரமயுகம்' பேய்ப் படமென்றே பெயர் பெற்றது; ஆயினும் அதில் நம்மை உறைய வைப்பது, ஒரு மனையின் தலைவன் தன்னை அண்டி வந்தவன்மீது செலுத்தும் அதிகாரம். அது தலைவரிடத்துப் பிறக்கும் அச்சம். பெருமிதத்துக்கும் அவர் நான்கு நிலைக்களன் சொன்னார்: கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை. நம் 'மாஸ்' கணக்கோ அந்நான்கில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்றைக் கைவிட்டுவிட்டது.

போரைப் பாடிய புலவரும் வீழ்ந்தவரை மறந்தாரில்லை. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் பேய்களும் உண்டு, போரும் உண்டு. இன்றைய கணக்கில் அச்சப் படமும் சண்டைப் படமும் சேர்ந்த ஒரே நூல். குலோத்துங்கனின் வெற்றியைப் பாட வந்தவர்தான் அவர். ஆயினும் களத்தில் பேய்களைக் கூழ் காய்ச்ச விட்டதோடு அமையாமல், கணவனின் உடலைத் தேடி வரும் மனைவியையும் அங்கே நிறுத்தினார். ஆநிரை மீட்கப் போய் மடிந்தவனுக்கும் நம் ஊர்களில் நடுகல் நட்டார்கள். அவன் பெயரும் ஊரும் அதில் பொறித்தார்கள். அந்த மரபில் வந்த நாம், ஒரு படத்தில் எத்தனை பேர் செத்தார்கள் என்று பந்தயம் கட்டிக் கொண்டிருக்கிறோம்.

சண்டைப் படத்திலும் நல்வழி உண்டு என்பதற்கு 2019-இல் வந்த 'கைதி' சான்று. மகளைக் காணப் புறப்பட்ட ஒருவனின் ஓரிரவுக் கதை அது. எனினும் என் மனத்தில் நிற்பவர் லாரி ஓட்டும் நாயகர் அல்லர். ஜார்ஜ் மரியான் நடித்த நெப்போலியன் என்னும் காவலர். மற்ற காவலர் விட்டுப்போன அலுவலகத்தில், அகப்பட்டுக்கொண்ட சில கல்லூரி மாணவரோடு, அவர் நடுங்கிக்கொண்டே நின்று காக்கிறார். அஞ்சாதவன் போரிடுவதில் என்ன வியப்பு? அஞ்சியவன் நிற்பதல்லவா வீரம்! அந்தப் படத்தைப் பார்த்துக் கைதட்டிய நாம்தான், அஞ்சிய ஒரு தம்பியைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தோம்.

திரைப்படத் தணிக்கை என்றொன்று இருக்கிறதே, அது போதாதா என்பீர்கள். 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 'யூ', 'ஏ' என்று சான்று தருகிறார்கள். 1983-இல் 'யூஏ' சேர்ந்தது; 2023-இல் செய்த திருத்தத்தின்படி அதுவும் 7, 13, 16 என்று வயதுக்கேற்பப் பிரிந்துவிட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால், வாரியத்துக்குத் தெரிந்தது நம் வயது ஒன்றே. நம் பக்கத்தில் இருப்பவர் சென்ற மாதம் யாரை இழந்தார் என்பது அதற்குத் தெரியாது. அதை அறியவேண்டியவர் பக்கத்தில் இருக்கும் நாம்தாம். ஊரை விட்டு, மொழியை விட்டு, வடபுலத்தில் ஒரு கூரையின் கீழ் வாழ்கிறோம். வீட்டார் செய்யவேண்டியதைச் செய்ய இங்கே வேறு யார் இருக்கிறார்கள்?

ஆகவே சங்கத்தார்க்கு மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். அவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. முதலாவது, படம் போடுமுன் அதில் என்ன வகைக் காட்சிகள் வரும் என்று ஒருவர் இரண்டு வரியில் சொல்லிவிடட்டும். கதையைச் சொல்ல வேண்டா. இரண்டாவது, இடையில் எழுந்து போகிறவரை யாரும் எதுவும் கேட்கக் கூடாது; வேண்டுமானால் ஒருவர் பின்னாலேயே போய்த் தண்ணீர் கொடுக்கலாம். மூன்றாவது, படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு அரைமணி நேரம் அமர்ந்து பேசுவோம். "மாஸா, மொக்கையா?" என்ற கேள்வி இருக்கட்டும், அத்தோடு இன்னும் இரண்டைக் கேட்போம். எந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டாய்? இறந்தவர்களில் யார் பெயர் உனக்கு நினைவிருக்கிறது?

பேய்ப் படம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இருட்டில் பத்துப் பேர் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அலறும் இன்பத்துக்கு ஈடேது? சண்டைப் படமும் வேண்டும். வாரம் முழுதும் ஆய்வுக்கூடத்தில் வாங்கிய அடிக்கு அதுவன்றோ மருந்து! படங்கள் இருக்கட்டும். பார்க்கும் நாம் சற்றே மாறுவோம்.

அந்தத் தம்பியிடம் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "விடுங்கண்ணா" என்றார். வரும் சனிக்கிழமை 'கைதி' போடுவதாக இருக்கிறார்கள். அவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கதவோரத்து நாற்காலியை அவருக்காக விட்டுவையுங்கள் தோழர்களே. அதற்கு அடுத்த நாற்காலி எனக்கு.